கழுவினால் போகுமா கடலின் கறை?

வடசென்னையில் எங்கள் மத்ரஸாவில் ஒரு வியாழக்கிழமை மாலை பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தனர். மாணவன் ஒருவனின் தாயார் வாசலருகே தயங்கி நின்றார்.

"அஜரத்! ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். என் மூத்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அவளுக்கு மீன் என்றால் உயிர். முகத்துவாரத்து மடவையும் இறாலும் விலை மலிவாக வாசலுக்கே வருகின்றன. எண்ணெய் மிதந்த தண்ணீர், ஆலைக்கழிவு ஓடும் தண்ணீர் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். மீனுக்கு அறுப்புக்கூடத் தேவையில்லையே, அது ஹலால்தானே? மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, நன்றாக வேகவைத்தால் போதாதா?"

கேட்டவர் ஒருவர்தான் என்றாலும், கேள்வி பல வீடுகளுக்கும் உரியது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலும், ஆற்றுநீரும் சாக்கடையும் ஆலைக்கழிவும் கடலைத் தொடும் எந்த ஊரிலும், மீன் அரியும் தாய்மார்களின் மனத்தில் இந்த ஐயம் எழாமல் இராது. அன்று வாசலில் நின்றபடியே அரைகுறையாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன். கற்றறிந்தோரிடம் கேட்டும் நூல்களில் தேடியும் அறிந்துகொண்டவற்றை வாசக சகோதர சகோதரிகளின் முன் இங்கே வைக்கிறேன்.

ஹலால் என்பது ஒன்று, நலம் என்பது மற்றொன்று

கேள்வியின் ஒரு பகுதிக்கு விடை எளிது. மீன் ஆகுமான உணவு. அதற்கு அறுப்பு நிபந்தனையில்லை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே நாம் பழகியிருக்கிறோம். அனுமதிக்கப்பட்டதாக இருப்பதோடு தூயதாகவும் நலம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அறிந்துகொண்டே உடலுக்குக் கேடு விளைவித்துக்கொள்வதை மார்க்க அறிஞர்கள் எவரும் அனுமதித்ததில்லை. ஆகவே, "ஹலால்தானே" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டபின்பும், "நலமானதுதானா" என்ற கேள்வி மீதமிருக்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியது ஃபிக்ஹு நூலன்று; தண்ணீரையும் மீனையும் ஆராய்ந்தவர்களின் அறிவு.

முகத்துவாரம் கண்ட கோலம்

கொசஸ்தலையாறு வங்கக் கடலில் கலக்குமிடம் எண்ணூர் முகத்துவாரம். பக்கிங்காம் கால்வாயும் அங்கே வந்து சேருகிறது. நன்னீரும் உப்புநீரும் கலந்து நிற்கும் இத்தகைய கழிமுகங்கள்தாம் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் தொட்டில்கள். அலையில்லாத நீர், சேறு நிறைந்த அடித்தளம், அலையாத்திச் செடிகளின் நிழல் என்று குஞ்சுகள் வளர்வதற்கு ஏற்ற எல்லாம் அங்கே அமைந்திருந்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்களும், கழுத்தளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களும் தலைமுறை தலைமுறையாக அந்நீரை நம்பி வாழ்ந்தவர்கள்.

அதே நீரைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்களும், மணலியின் எண்ணெய் மற்றும் இரசாயன ஆலைகளும், உரத் தொழிற்சாலையும், 2001இல் தொடங்கப்பட்ட துறைமுகமும் வந்தன. நிலக்கரிச் சாம்பலைச் சேறாகக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, ஆற்றின் அடித்தளத்தில் சாம்பல் படிந்தது. நகரத்தின் கழிவுநீரைப் பக்கிங்காம் கால்வாய் சுமந்து வந்தது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோது, இளைஞர்கள் வாளியால் கறுப்புச் சேற்றை அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு மணலிப் பகுதியிலிருந்து வழிந்த எண்ணெய், கால்வாய் வழியாக முகத்துவாரம் வரை பரவியது. வலைகளும் படகுகளும் வீட்டுச் சுவர்களும் பிசுபிசுத்தன. கூழைக்கடாப் பறவைகளின் சிறகுகளில் எண்ணெய் அப்பிக்கொண்டது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

எண்ணெய்ப் படலம் சில வாரங்களில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் கண்ணிலிருந்து மறைந்தது எல்லாம் தண்ணீரிலிருந்தும் மறைந்துவிட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அழுக்கு ஒரே வகையன்று

"கழுவி வேகவைத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் தண்ணீரில் கலக்கும் அழுக்கு ஒரே வகையானதன்று.

முதலாவது, கிருமி. மனிதக் கழிவு கலந்த நீரில் வாழும் மீனிலும் மட்டியிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். இவற்றை நெருப்பு கொன்றுவிடும். நன்றாகக் கொதித்த குழம்பில் இவற்றுக்கு வாழ்வில்லை. ஆனால் மட்டி, சிப்பி போன்றவை நீரை வடிகட்டி உண்டு வாழ்பவை. நீரிலுள்ள கிருமிகளைத் தம் உடலில் திரட்டி வைத்துக்கொள்பவை. 1988ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரில் கழிவுநீர் கலந்த கடலில் எடுத்த சிப்பிகளை அரைவேக்காடாக உண்டதனால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை பரவியது. வேகவைத்தலில் காட்டிய சிறு அலட்சியம் ஒரு மாநகரையே படுக்கையில் தள்ளியது.

இரண்டாவது, எண்ணெய். கச்சா எண்ணெயிலும் உலை எண்ணெயிலும் உள்ள சில பொருள்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை. துடுப்புள்ள மீன்கள் இவற்றைத் தம் ஈரலில் சிதைத்துப் பெருமளவு வெளியேற்றிவிடுகின்றன. மட்டிக்கும் சிப்பிக்கும் அந்த ஆற்றல் குறைவு. அவற்றில் அது நெடுநாள் தங்கும். எண்ணெய் கலந்த நீரில் பிடித்த மீனில் மண்ணெண்ணெய் வாடை வருவதுண்டு. எத்தனை புளி கரைத்து ஊற்றினாலும் அவ்வாடை போகாது. அத்தகைய மீனை உண்ணலாகாது. 2010இல் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அந்நாட்டு அரசு தன் ஆளுகைக்கு உட்பட்ட வளைகுடாக் கடற்பரப்பில் உச்சகட்டமாக 37 சதவீதத்தில் மீன்பிடிப்பதைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் மீன்களை மோந்து பார்த்தும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தும், பகுதி பகுதியாகவே திறந்துவிட்டது.

மூன்றாவது வகைதான் நாம் அஞ்ச வேண்டியது. பாதரசம், ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவை அதில் அடங்கும். இவை உயிருள்ள கிருமிகள் அல்ல, நெருப்பில் சாவதற்கு. மேலே ஒட்டிய மண்ணும் அல்ல, தண்ணீரில் கரைந்து போவதற்கு. மீன் உண்ட இரையின் வழியே அதன் சதைக்குள்ளும் உறுப்புகளுக்குள்ளும் இவை புகுந்துவிடுகின்றன. இவற்றுக்கு நிறமில்லை, வாடையில்லை, சுவையில்லை. செவுள் சிவந்து, கண் பளபளத்து, சதை இறுகி, இப்போதுதான் பிடித்த மீனாக இருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. நிலக்கரிச் சாம்பலில் இவ்வகை உலோகங்கள் இருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றிலும் அங்கு வாழும் உயிரினங்களிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றனர்.

மினமாட்டா என்னும் ஊர்

மீனின் சதைக்குள் நஞ்சு எவ்வாறு ஒளிந்திருக்கும் என்பதை உலகம் ஜப்பானின் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் கண்ணீரிலிருந்துதான் கற்றுக்கொண்டது. அவ்வூரின் பெயர் மினமாட்டா. அமைதியான வளைகுடா, மீன்பிடித்து வாழும் எளிய மக்கள், ஊருக்கு வேலை தரும் பெரிய இரசாயன ஆலை. 1932 முதல் அந்த ஆலை பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. 1950களில் ஊரின் பூனைகள் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கின. வாயில் நுரை தள்ளச் சுழன்று ஆடின. ஆடியபடியே கடலில் விழுந்து மாண்டன. பூனைகள் உண்டது மீனின் கழிவை அன்றோ!

1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கைகால் தள்ளாடி, பேச்சுக் குழறிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். மே மாதம் முதல் தேதி இந்நோய் முறைப்படி அரசுக்கு அறிவிக்கப்பட்டது. பார்வை குறுகுதல், காது மந்தமாதல், கை நடுக்கம், உணர்விழத்தல் என்று ஒவ்வொரு வீடாக நோய் நுழைந்தது. மீனை மிகுதியாக உண்ட மீனவர் வீடுகளே முதலில் வீழ்ந்தன.

வளைகுடாவின் மீனைத் தடை செய்யலாமா என்று மாவட்ட நிர்வாகம் 1957இல் மத்திய அமைச்சகத்தைக் கேட்டது. அவ்வளைகுடாவின் மீன்கள் அனைத்தும் நஞ்சானவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாதலால் சட்டப்படி தடை செய்ய இயலாது என்று விடை வந்தது. 1959இல் பல்கலைக்கழக ஆய்வுக்குழு பாதரசமே காரணம் என்று கூறியது. ஆலையின் மருத்துவர் ஹோசோகாவா, ஆலைக் கழிவைக் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து அதே நோயைக் கண்டார். நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அரசு உண்மையை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். முதல் அறிவிப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் மக்கள் மீனை உண்டுகொண்டுதான் இருந்தார்கள். பிற்காலத்தில் அரசால் நோயாளிகள் என்று முறையாக ஏற்கப்பட்டவர்கள் மட்டுமே 2,200க்கும் மேற்பட்டோர்.

இவ்வரலாற்றில் மனத்தை உலுக்குவது தாய்மார்களின் கதை. நோயின் அறிகுறி ஏதும் இல்லாத, அல்லது மிக இலேசாகவே இருந்த தாய்மார்கள் கைகால் முடங்கிய, பேச்சற்ற பிள்ளைகளைப் பெற்றெடுத்தனர். நச்சுக்கொடி குழந்தையைக் காக்கும் திரை என்றே மருத்துவ உலகம் அதுவரை நம்பியிருந்தது. ஆனால் பாதரசம் அத்திரையை எளிதாகக் கடந்தது. தாயின் உடலிலிருந்த நஞ்சைக் கருவிலிருந்த குழந்தை வாங்கிக்கொண்டது. அங்கே வளைகுடாவின் வாயில் 1974இல் வலை கட்டி உள்ளிருந்த மீன்களை வெளியே செல்லவிடாமல் தடுத்தனர். நச்சுச் சேற்றை அள்ளி அகற்றினர். 1997இல்தான் மீன் உண்ணத் தக்கது என்று அறிவித்து வலையை நீக்கினர்.

எண்ணூரை மினமாட்டாவுக்கு ஒப்பிட்டு யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமன்று. அங்கே ஓர் ஆலை ஆண்டுக்கணக்கில் பாதரசத்தையே கொட்டியது. இங்கே பல்வேறு கழிவுகள் பல்வேறு வழிகளில் கலக்கின்றன. அளவும் வேறு, தன்மையும் வேறு. ஆயினும் இரண்டு பாடங்கள் எங்கும் பொருந்தும். பார்ப்பதற்கு நல்லதாக இருப்பது நஞ்சில்லை என்பதற்குச் சான்றாகாது. எல்லா மீனும் நஞ்சு என்று நிறுவப்படும்வரை காத்திருக்கும் சமூகம், தன் பிள்ளைகளை வைத்தே அந்தச் சோதனையைச் செய்துகொள்கிறது.

சிறு மீனும் பெரு மீனும்

எந்த நீரிலிருந்து வந்தது என்பதோடு எந்த மீன் என்பதும் முக்கியம். நீரில் கலந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி வழியே அது சிறு உயிர்களுக்கும், அவற்றின் வழியே நெத்திலிக்கும், நெத்திலி வழியே பெரிய மீனுக்கும் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அது திரண்டுகொண்டே போகிறது. சிறிய மீனை ஆயிரக்கணக்கில் விழுங்கி நெடுங்காலம் வாழும் சுறாவிலும் பெரிய சூரையிலும் மயில் மீனிலும் அது மிகுந்திருப்பது இதனால்தான். அமெரிக்க உணவுத் துறையின் சோதனைகளில் மத்தி இன மீனில் கிலோவுக்குச் சராசரி 0.01 மில்லிகிராம் அளவே பாதரசம் இருந்தது. சுறாவிலோ ஏறத்தாழ 1 மில்லிகிராம். நூறு மடங்கு வேறுபாடு!

இதை நம் வீட்டுக் கணக்காக்கிப் பார்ப்போம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்திற்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை, வயிற்றிலுள்ள குழந்தைக்கும் கேடில்லை என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 2003இல் வகுத்த அளவு. ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு வாரத்திற்கு 80 மைக்ரோகிராம் ஆகிறது. கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் உள்ள மீனானால் அவர் வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உண்ணலாம். அரை மில்லிகிராம் உள்ள மீனானால் 160 கிராம் மட்டுமே. ஒரு மில்லிகிராம் உள்ள மீனானால் 80 கிராம், அதாவது ஒரே ஒரு துண்டு.

இங்கே நம் குடும்பங்களின் வழக்கமொன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது நம் தாய்மார்களின் அன்பு மருத்துவம். பால்சுறா சிறிய வகைச் சுறா. பெரிய சுறாவில் இருக்கும் அளவுக்கு அதில் பாதரசம் சேர்ந்திராது. மேலும், தாய்ப்பால் வழியே செல்வதைவிட நச்சுக்கொடி வழியே செல்வதே மிகுதி. ஆகவே வழிவழியாக வந்த பழக்கத்தை நஞ்சு என்று தூற்ற வேண்டியதில்லை. ஆயினும், கருவுற்ற மாதங்களில் சுறாவை அறவே தவிர்ப்பதும், பிரசவத்திற்குப்பின் கொடுத்தாலும் சிறிய சுறாவாகப் பார்த்து எப்போதாவது கொடுப்பதும், அதை நாள்தோறும் சமைக்காதிருப்பதும் அறிவுடைமை. மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே உடலுக்கு ஏறத்தாழ 50 நாள் பிடிக்கும். ஆகவே கருவுற விரும்பும் பெண்ணும் முன்கூட்டியே கவனமாயிருத்தல் நன்று.

அப்படியானால் மீனையே விட்டுவிடலாமா? கூடாது. மீனில் உள்ள கொழுப்பு அமிலம் குழந்தையின் மூளையும் கண்ணும் வளர உதவுகிறது. மலிவான நல்ல புரதம் அது. பாதரசம் மிகுந்த மீனைத் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்க அரசுத் துறைகளே, கர்ப்பிணிகள் வாரத்தில் இரண்டு மூன்று வேளை பாதரசம் குறைந்த மீனை உண்ண வேண்டும் என்றும் சொல்கின்றன. அச்சத்தினால் மீனை முற்றும் துறப்பதும் நட்டமே.

சமையலறையில் நம்மால் ஆவது

முதலில், மீன்காரம்மாவிடம் விலை கேட்குமுன் இடம் கேளுங்கள். கடலுக்குள் சென்று பிடித்ததா, கழிமுகத்திலும் கால்வாயிலும் பிடித்ததா? சாக்கடையும் ஆலைக்கழிவும் சேரும் தேங்கிய நீரின் மீனைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவர்களும் அதை நாள்தோறும் உண்ணும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, மீனின் குடல், ஈரல், செவுள் ஆகியவற்றை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். உலோகங்கள் பல இவ்வுறுப்புகளிலேயே மிகுதியாகத் தங்குகின்றன. இறாலின் தலையையும் முதுகு நரம்பையும் எடுத்துவிடுங்கள். நண்டு உண்ணும் ஷாஃபிஈ வீடுகளில் அதன் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் நிறப் பகுதியைச் சுவைத்து உண்பது வழக்கம். ஹனஃபி வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. காட்மியம் திரளும் இடம் அந்தப் பகுதியே. ஐயத்திற்குரிய நீரின் நண்டானால் அதை எறிந்துவிடுவதே நலம். மட்டியும் சிப்பியும் கழிவுநீர் கலக்கும் இடத்தினவென்றால் வாங்கவே வேண்டாம். நல்ல கடலினதென்றாலும் அரைவேக்காடாக உண்ண வேண்டாம்.

பூச்சிமருந்து போன்ற சில இரசாயனங்கள் கொழுப்பில் தங்குபவை. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, சுடும்போது வடியும் நெய்யைக் கொட்டிவிட்டால் அவை ஓரளவு குறையும். ஆனால் பாதரசத்திற்கு இந்த உபாயம் செல்லாது. அது சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பது. அரிந்தாலும் பொரித்தாலும் போகாது. அதற்கு ஒரே உபாயம் தேர்ந்தெடுத்து வாங்குவதுதான். நெத்திலி, மத்தி, காணாங்கெளுத்தி போன்ற சிறு கடல்மீன்களை விரும்பி வாங்குங்கள். வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களைச் சிறப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீரின் ஒரே மீனை ஓயாமல் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்ணுங்கள். விலை மலிந்த சிறு மீனே உடலுக்கும் நல்லது என்பது ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த ஆறுதல் அல்லவா?

பிடிப்பவர் வீட்டுத் தட்டு

இவ்வளவும் வாங்கி உண்பவருக்குச் சொன்னவை. பிடித்து உண்பவருக்கு என்ன சொல்வது? நமக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முகத்துவாரத்தில் வலை வீசுபவருக்கு விற்காத மீன்தான் இரவு உணவு. எண்ணெய் கொட்டிய நாள்களில் நாம் மீன் வாங்காது நின்றுவிட்டோம். கடலுக்குள் சென்று பிடித்துவந்த நல்ல மீனுக்கும் "எண்ணூர் மீன்" என்ற பெயரால் விலை வீழ்ந்தது. நீரைக் கெடுத்தவர் யாரோ. அதன் நட்டத்தைச் சுமந்தவர் மீனவர். மினமாட்டாவிலும் மீனவர்களைத்தான் முதலில் ஒதுக்கினார்கள். நோயையும் வறுமையையும் ஒருங்கே அவர்கள் தலையில் சுமத்தினார்கள்.

எனவே நம் கடமை மீனை ஒதுக்குவதோடு முடிந்துவிடாது. எந்த நீரில் எந்த மீனில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை அரசு முறையாகச் சோதித்து, எளிய தமிழில் எழுதி, மீன் அங்காடியின் வாசலிலேயே மாதந்தோறும் ஒட்ட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நீர் தூய்மையாகும்வரை மீன்பிடிக்க இயலாதவர்களுக்கு வாழ்வூதியம் கேட்பதும் நம் கடமை. நம் ஜமாஅத்துகள் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கின்றன. இதற்கும் ஒரு மனுக் கொடுத்தாலென்ன? மீனவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் மீன் உண்பவரின் கையெழுத்தும் இருந்தால் அந்த மனுவுக்கு வலிமை கூடும்.

இரண்டு வாரம் கழித்து அத்தாயார் மீண்டும் வந்தார். அறிந்ததைச் சொன்னேன். "கழுவினால் மண் போகும், தாயே, வேகவைத்தால் கிருமி சாகும். மீனின் சதைக்குள் குடியேறியதை உங்கள் மஞ்சளும் உப்பும் என்ன செய்யும்? மகளுக்குப் பிரசவம் ஆகும்வரை முகத்துவாரத்து மீன் வேண்டாம். கடலில் பிடித்த நெத்திலி வாங்கிக் கொடுங்கள்" என்றேன். அவர் சற்று யோசித்தார். பிறகு, "எங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மருமகளும் முழுகாமல் இருக்கிறாள், அஜரத். அவளுக்கு யார் சொல்வது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான்" என்றேன். மறுநாள் காலை அவர் நெத்திலியை இரண்டு பங்காக வாங்கி, ஒரு பங்கை அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதாகப் பிள்ளை வந்து சொன்னான்.